மலையாளம் புரியும், பேச வராது: குமரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்தான். டெக்னோபார்க்கில் வேலை, ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ ஸ்ரீசித்ரா மருத்துவமனையிலோ சிகிச்சை, அங்கே படிக்கும் பிள்ளை, அங்கிருந்து வந்த மருமகள் என்று ஏதோ ஒரு வகையில் மலையாளம் தேவைப்படாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. ஆனாலும் யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "புரியும், பேச வராது."

இதற்குக் காரணம் சோம்பலோ திறமைக் குறைவோ இல்லை. தேவை வரவில்லை, அவ்வளவுதான். நாம் தமிழில் கேட்கிறோம், அவர்கள் மலையாளத்தில் பதில் சொல்கிறார்கள், காரியம் நடந்துவிடுகிறது. டெல்லிக்கு வேலைக்குப் போகிறவன் சில மாதத்தில் இந்தி பேசுகிறான், பேசாவிட்டால் அங்கே பிழைப்பு ஓடாது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. அதனால் இங்கே மலையாளம் பழகுவது என்பது பெரும்பாலும் வாயைத் திறந்தே ஆகவேண்டிய சந்தர்ப்பங்களை நாமே உண்டாக்கிக்கொள்வதுதான். கீழே சொல்லப்போவது எல்லாம் அதற்கான வழிகள்.

இது தோவாளை, அகத்தீஸ்வரம் பக்கத்துக்காரர்களுக்கும், வெளிமாவட்டத்தில் இருந்து வேலை மாற்றலாகி இங்கே வந்தவர்களுக்கும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுக்காரர்கள் முதல் பாதியைத் தாண்டிப் போகலாம். அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே பாதி இருக்கிறது.

முதலில் காது

முதல் இரண்டு வாரம் பேசுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கேளுங்கள். ஆனால் சும்மா கேட்டால் பயனில்லை. எதைக் கவனிப்பது என்று தெரிந்து கேட்கவேண்டும். தமிழ்க் காதுக்கு உதவும் சில ஒலி மாற்றங்கள் இருக்கின்றன. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

நம் 'ஐ' அங்கே 'அ' ஆகிவிடும்: மலை மல, தலை தல, விலை வில. நம் 'ங்க' அங்கே 'ங்ங': தேங்காய் தேங்ஙா, மாங்காய் மாங்ஙா. 'ஞ்ச' பல இடத்தில் 'ஞ்ஞ': மஞ்சள் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி. 'ந்த' பெரும்பாலும் 'ந்ந': வந்து வந்நு, மருந்து மருந்நு. 'ன்று' என்பது 'ன்னு': ஒன்று ஒன்னு, மூன்று மூன்னு. இந்த ஐந்தும் பழகிவிட்டால், தெரியாத சொல் என்று நினைத்ததில் பாதி நம் சொல்லாகவே தெரியும்.

அடுத்தது கொஞ்சம் வில்லங்கமானது. பேச்சு மலையாளத்தில் 'ஆணு' என்பது தேய்ந்து வெறும் 'ஆ' ஆகிவிடும். "டாக்டர் வார்டிலா" என்று நர்ஸ் சொன்னால் நமக்கு அது கேள்வியாகக் கேட்கும். அவர் நம்மைக் கேட்கவில்லை, டாக்டர் வார்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாம் பதில் யோசித்துக்கொண்டு நிற்போம். அங்கே ஆம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்வி 'ஓ'வில் முடியும்: வேணோ, உண்டோ, வருமோ, ஆணோ. நம் காதில் 'ஆ' என்றால் கேள்வி என்று ஊறிப்போயிருப்பதால் இது மாற நாளாகும். முதல் வாரம் முழுக்க இது ஒன்றை மட்டும் கவனித்துக் கேட்டாலும் தகும்.

எதைக் கேட்பது? வானொலிச் செய்தி நல்லது. திருவனந்தபுரம் வானொலி நிலைய ஒலிபரப்பு கைபேசிச் செயலியிலும் கிடைக்கிறது. செய்தி வாசிப்பவர் நிறுத்தி, தெளிவாகப் படிப்பார். முந்தின நாள் தமிழ்ச் செய்தியில் கேட்ட விஷயமே பெரும்பாலும் வரும் என்பதால் பொருள் பிடிபடும். தொலைக்காட்சி விவாதம் வேண்டவே வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு பேர் கத்துவதைக் கேட்டு அவர்களுக்கே ஒன்றும் புரியாது. சினிமா பிறகு பார்க்கலாம். பின்னணி இசையும் அந்தந்த ஊர் வழக்கும் சேர்ந்து முதலில் குழப்பும்.

கேட்கும் முறை இதுதான். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வெறுமனே கேட்டு, எதைப் பற்றிய பேச்சு என்று மட்டும் ஊகியுங்கள். இரண்டாவது தடவை காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்திலேயே கிறுக்குங்கள், பிழை பார்க்க வேண்டாம். மூன்றாவது தடவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, விட்டுப்போனதை நிரப்புங்கள். கடைசியாக, ஓடவிட்டு அரை வினாடி பின்னாலேயே நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள். அர்த்தம் முழுதாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஏற்ற இறக்கம் நாக்கில் படியவேண்டும். அதே துண்டை மறுநாளும் கேளுங்கள். தினம் புதிதாக ஒரு மணி நேரம் கேட்பதைவிட ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் காது திறக்கும் என்பது என் தீர்மானமான கருத்து.

நேரில் கேட்க, காசு அதிகம் செலவாகாத ஒரு இடம் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். உள்ளே ஒவ்வொரு பகுதியிலும் ஊழியர்கள் நின்று விளக்குவார்கள். விடுமுறை நாளில் போனால் கேரளத்தில் இருந்து வரும் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் கூட்டமாக இருப்பார்கள். ஒரு மலையாளக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நடங்கள். தூண், கட்டில், ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக்கூடம் எல்லாம் கண் முன்னால் இருக்க, விளக்கம் காதில் விழுந்தால் அகராதி தேவைப்படாது. திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிட வேண்டாம்.

அதேபோல் திருவனந்தபுரம் சென்ட்ரல் நடைமேடை. "யாத்ரக்காருடெ ஸ்ரத்தய்க்கு" (பயணிகளின் கவனத்துக்கு) என்று தொடங்கி ஒரே அறிவிப்பு மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். எண்களும் நேரமும் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. திரும்பும் ரயில் தாமதமானால் அதுவும் ஒருவகை வகுப்புதான்.

வினைச்சொல்லில் ஒரு நிம்மதி

இலக்கணம் என்று தனியாக உட்கார வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. நாம் போனேன், போனாய், போனான், போனாள், போனார்கள் என்று சொல்வதெல்லாம் அங்கே ஒரே 'போயி'தான். ஞான் போயி, நீ போயி, அவள் போயி, அவர் போயி. அதனால் யார் என்பதை வாக்கியத்தில் சொல்லியாகவேண்டும். நாம் பழக்கதோஷத்தில் 'ஞான்' என்பதை விழுங்கிவிட்டு "போயி" என்று மட்டும் சொன்னால், யார் போனது என்று எதிரில் இருப்பவர் முழிப்பார்.

ஒரு பத்து வினைச்சொல்லை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்தது, நடக்கிறது, நடக்கும் என்று மூன்று வடிவம் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். போயி, போகுந்நு, போகும். வந்நு, வருந்நு, வரும். கண்டு, காணுந்நு, காணும். பறஞ்ஞு, பறயுந்நு, பறயும். வாங்ஙி, வாங்ஙுந்நு, வாங்ஙும். நடந்ததை மறுக்க முதல் வடிவத்தோடு 'இல்ல' சேர்த்தால் போதும்: போயில்ல, வந்நில்ல, பறஞ்ஞில்ல. பல் தேய்க்கும்போது, பைக்கில் போகும்போது, சமைக்கும்போது இதைச் சொல்லலாம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வாயைத் திறக்கும் இடங்கள்

மூன்றாவது வாரம் எல்லையைத் தாண்டுங்கள். களியக்காவிளை பஸ் நிலையத்தில் பயிற்சி எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கே இரண்டு மொழியும் கலந்து ஓடும், நீங்கள் தமிழிலேயே தப்பித்துவிடுவீர்கள். பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை வரை போங்கள். திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்ற சந்தையும் இதற்குச் சரிப்படாது. அங்கே தமிழ் பேசும் வியாபாரிகள் நிறைய.

கிளம்பும் முன் பாதுகாப்புக்கு நாலு வாக்கியம் மனப்பாடமாக வேண்டும்.

"எனிக்கு மனசிலாயில்ல." எனக்குப் புரியவில்லை.

"ஒன்னுகூடி பறயாமோ?" இன்னொரு தடவை சொல்லுவீர்களா?

"ஒன்னு பதுக்கெ பறயாமோ?" கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவீர்களா?

"மலயாளம் படிக்குகயா, மலயாளத்தில் பறஞ்ஞா மதி." மலையாளம் கற்றுக்கொண்டிருக்கிறேன், மலையாளத்தில் சொன்னால் போதும்.

நாலாவதுதான் மிக முக்கியம். நம் உச்சரிப்பைக் கேட்டதும் அவர்கள் உதவி செய்கிறோம் என்று நினைத்துத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் நம் பயிற்சி அதோடு முடிந்தது. அவர்கள் தமிழில் பேசினாலும் நீங்கள் மலையாளத்திலேயே தொடருங்கள். இரண்டு மூன்று வாக்கியத்தில் அவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள்.

முதல் களம் சாயக்கடை, அதாவது டீக்கடை. அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"சேட்டா, ஒரு சாய. பஞ்சஸார குறச்சு மதி."

"கடிக்கான் எந்தெங்கிலும் வேணோ?"

"ஒரு பழம்பொரி."

குடித்து முடித்து, "எத்ரயாயி?"

"இருபத்தஞ்சு. சில்லற உண்டோ?"

"உண்டு" அல்லது "இல்லல்லோ."

இவ்வளவுதான். 'சேட்டா' என்றால் அண்ணா, 'பஞ்சஸார குறச்சு மதி' என்றால் சர்க்கரை கொஞ்சம் போதும், 'எத்ரயாயி' என்றால் எவ்வளவு ஆச்சு. 'கடிக்கான்' என்றால் சாயாவோடு தின்ன வடை, பழம்பொரி ஏதாவது வேண்டுமா என்று அர்த்தம். அது தெரியாமல் போனால் முதல் கேள்வியிலேயே திகைத்து நின்றுவிடுவீர்கள். ஒரே கடைக்குத் தொடர்ந்து போங்கள். கடைக்காரருக்கு முகம் பழகியதும் அவரே "எந்தா விசேஷம்?" (என்ன விசேஷம்?) என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து பேச்சு மழை, பஸ், விலைவாசி என்று தானாக நகரும். பத்துக் கடையில் ஒரே வாக்கியத்தைச் சொல்வதைவிட ஒரே கடையில் பத்து நாள் பேசுவது மேல்.

அடுத்து பஸ். கேரள அரசு பஸ்ஸில் ஏறி, "ஒரு நெய்யாற்றின்கர" என்று டிக்கெட் வாங்குவது சுலபம். அதோடு நிறுத்தாமல், "எத்தும்போள் ஒன்னு பறயணே" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் வந்ததும் சொல்லுங்கள் என்பதுதான். கண்டக்டர் ஏதாவது பதில் சொல்லுவார், அதைப் புரிந்துகொள்வது உங்கள் பாடு. பக்கத்து சீட்டுக்காரரிடம் "இது தம்பானூர் போகுமோ?" என்று கேளுங்கள், தம்பானூர் என்பது திருவனந்தபுரத்தில் பஸ் நிலையம் இருக்கும் இடம். தெரிந்த பதிலாக இருந்தாலும் கேளுங்கள். பதில் என்னவாக வரும் என்று முன்கூட்டியே தெரியும் கேள்விகள்தான் தொடக்கக்காரருக்கு நல்லது, காது சொற்களைத் தேடி அலையாமல் ஒலியில் நிற்கும்.

மரியாதை எங்கே இருக்கிறது

இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழில் 'நீங்கள்' என்றால் மரியாதை முடிந்தது. அதையே மலையாளத்துக்குக் கொண்டுபோய், வயதானவரிடம் 'நிங்ஙள்' என்று சொன்னால் திருவனந்தபுரம் பக்கத்தில் பலருக்கு முகம் சுருங்கும். அங்கே பெரியவர்களிடம் பேசும்போது அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு முறைப்பெயரைப் போடுவார்கள். "சார் எவிடெயா தாமஸம்?", "சேச்சி எப்போழா வந்நது?" இப்படி. சார் எங்கே குடியிருக்கிறார், அக்கா எப்போது வந்தார் என்று கேட்பதுதான். திருவனந்தபுரத்தில் 'அண்ணா' என்று கூப்பிடுவதும் சகஜம், நமக்கு அது வசதி.

நம் 'வாங்க, உட்காருங்க' என்பதில் உள்ள 'ங்க'வும் அவர்கள் பேச்சில் கிடையாது. ஒரு பெரியவர் "வா, இரி" என்றால் அது அன்புதான், கோபப்பட ஒன்றுமில்லை. நாம் கேட்கும்போது 'ணே' சேர்த்தால் பணிவு வந்துவிடும்: தரணே, பறயணே, நோக்கணே.

அப்புறம், ஒரே சொல் வேறு அர்த்தத்தில் வந்து காலை வாரும் சில இடங்கள். சம்சாரம் என்றால் அங்கே பேச்சு. 'சம்சாரிக்கணம்' என்று ஒருவர் சொன்னால் உங்களோடு பேசவேண்டும் என்கிறார். அவசரம் என்றால் வாய்ப்பு, சிரமம் என்றால் முயற்சி. இப்படி நிறைய உண்டு. பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுவது வீண், ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும்போது தானாக மனதில் நிற்கும்.

ஆஸ்பத்திரி மட்டும் விதிவிலக்கு. அங்கே தப்பாகப் புரிந்துகொள்ள இடம் கொடுக்கக்கூடாது என்பதால், நோயாளியோடு போகிறவர்கள் சில சொற்களை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பனி என்றால் காய்ச்சல். வேதன என்றால் வலி. சர்த்தி என்றால் வாந்தி. தலகறக்கம் தலைசுற்றல். "மருந்நு கழிச்சோ?" என்று கேட்டால் மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். "ஊணு கழிச்சோ?" என்பதும் சோறு சாப்பிட்டாச்சா என்பதுதான், கழித்தல் என்று கேட்டு வெட்கப்பட வேண்டாம். "எப்போழா துடங்ஙியது?" என்றால் எப்போது ஆரம்பித்தது. "ரண்டு திவஸமாயி" என்றால் இரண்டு நாளாக. ஓ.பி. சீட்டுக்கு "ஓ.பி. டிக்கெட் எவிடெயா எடுக்கேண்டது?" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மருந்தின் அளவு, நேரம், ஆபரேஷன் சம்மதம் போன்றவற்றில் மட்டும் உங்கள் மலையாளத்தை நம்பாதீர்கள். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, தமிழிலும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

துணை ஒருவர்

கடைக்காரரும் கண்டக்டரும் நம்மைத் திருத்தமாட்டார்கள், அவர்களுக்கு வேலை இருக்கிறது. திருத்த ஒருவர் தேவை. தமிழ் பேசவோ படிக்கவோ ஆசைப்படும் மலையாளிகள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள். அரை மணி நேரம் மலையாளம், அரை மணி நேரம் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வைத்தே பேசவேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு எந்த மொழி நன்றாக வருகிறதோ அதிலேயே முழு நேரமும் போய்விடும்.

பேசும்போது நடுவில் திருத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினால் பேச்சு செத்துவிடும். முடிந்தபின் இரண்டு பிழை மட்டும் சொன்னால் போதும். தலைப்பும் சின்னதாக இருக்கட்டும்: நேற்று என்ன சமைத்தீர்கள், வரும் வழியில் என்ன பார்த்தீர்கள். அவியல் எப்படி வைப்பது என்று ஒரு மலையாளிக்கு மலையாளத்தில் விளக்கிப் பாருங்கள். தேங்காய் அரைப்பதில் இருந்து கருவேப்பிலை போடுவது வரை பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். எங்கள் ஊர் அவியல்தான் சரி, உங்கள் ஊரில் வைப்பது கூட்டு என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையை மலையாளத்திலேயே போடுங்கள்.

துணை கிடைக்காதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எண்பதைத் தொடும் தாத்தா பாட்டிகளில் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு கொஞ்சம் பழைய மாதிரி இருக்கும், ஆனால் அவர்களைப்போல் பொறுமையாகத் திருத்த ஆள் கிடைக்காது.

வகுப்பாகவே படிக்க நினைப்பவர்களுக்குக் கேரள அரசின் மலையாளம் மிஷன் இருக்கிறது. கேரளத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கான படிப்பு, கணிக்கொன்ன என்பது முதல் நிலை. குழந்தைகளுக்கு நல்லது. பெரியவர்களுக்குப் பேச்சு வர சாயக்கடைதான் சீக்கிரம் பலன் தரும்.

எழுத்து

பேசத்தான் வேண்டும் என்றாலும் எழுத்தை முழுவதும் ஒதுக்க வேண்டாம், கேரள அரசு பஸ்ஸின் பலகையில் ஊர்ப்பெயர் மலையாளத்தில்தான் பெரிதாக இருக்கும். அரிச்சுவடியில் தொடங்காமல் தெரிந்த ஊர்ப்பெயரில் தொடங்குங்கள். ரயிலில் பாறசாலையில் இருந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு நிலையப் பலகையையும் படம் எடுத்து, பெயரைச் சொல்லிக்கொண்டே எழுத்துகளைப் பாருங்கள். அதே எழுத்து அடுத்த பலகையில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். பேச்சு ஓரளவு வந்தபின் மலையாளப் பேப்பரின் தலைப்புகளை மட்டும் படிக்க ஆரம்பிக்கலாம்.

போன் கடைசியில்

நேரில் பேசும்போது முகமும் கையும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். போனில் அது கிடையாது, அதனால் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாலமாக வாட்ஸ்அப் குரல்பதிவு உதவும். உங்கள் துணைக்குத் தினம் ஒரு நிமிடம் மலையாளத்தில் பேசி அனுப்புங்கள். அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை கேளுங்கள், எங்கே தமிழ் எட்டிப்பார்க்கிறது என்று உங்களுக்கே தெரியும். அவர் அனுப்பும் பதிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடவிடலாம், யாரும் அலுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அது பழகியபின் முதல் போன் அழைப்பு ஏதாவது ஒரு கடைக்கோ லாட்ஜுக்கோ இருக்கட்டும். கேட்கவேண்டிய மூன்று கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்: கட எத்ர மணிக்கு துறக்கும், ஸாதனம் உண்டோ, எத்ரயாகும். நேரமும் விலையும் எண்ணாக வரும், ரயில் நிலையத்தில் பழகியது இங்கே கைகொடுக்கும். சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "அல்லே?" (அப்படித்தானே?) என்று முடியுங்கள். சரியாக இருந்தால் அந்தப் பக்கத்தில் இருந்து "அதே" (ஆமாம்) என்று வரும், போனை வைத்துவிடலாம்.